தண்டையார்பேட்டையில் பழைய டீசல் செடான்: வாங்கும் விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

கடலோரத் தண்டை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். எண்ணூருக்கு அருகே ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. போக 12 கி.மீ., வர 12 கி.மீ. இதுவரை பைக்கில்தான் போய் வந்தேன். சென்ற மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் என் ஹேண்டில் பாரை உரசிக்கொண்டு போனபிறகு, இனி பைக் வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆண்டுக்கு மூன்று முறை ஐந்து பேராகத் திருநெல்வேலி போய் வருவோம் என்பதால், டிக்கி பெரிதாக உள்ள செடான் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. 2016 பதிவு, 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், டி.என். 05, இரண்டாவது ஓனர், ஓடியது 92,000 கி.மீ. கேட்கும் விலை 4.40 லட்சம். தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பத்து வயதை நெருங்கும் இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவாக வரும் பழுதுகளைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கொடுங்கையூர் வரை ஓட்டிப் பார்த்ததில் நான் கவனித்தவை இவை. சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் முன்பக்கம் இடதுபுறத்தில் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது. ஓடும்போது நன்றாகக் குளிரும் ஏ.சி., சிக்னலில் நின்றால் இரண்டு நிமிடத்தில் வெறும் காற்றை ஊதுகிறது. கிளட்ச் மிதி என் நண்பரின் வண்டியைவிடக் கடினமாக இருக்கிறது. மிதியை ஏறக்குறைய முழுவதும் விட்டபிறகே வண்டி நகர்கிறது. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் வெள்ளைப் புகை வந்தது.

என்னிடம் எல்லாம் சேர்த்து 5.25 லட்சம் இருக்கிறது. இந்தத் தொல்லைகளில் எவை சாதாரணமானவை, எவை பயப்பட வேண்டியவை, வாங்கியபின் எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

வியாசர்பாடி பட்டறை

தம்பி, கவனித்ததைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். நான் தரும் தொகைகள் எங்கள் பக்கத்துத் தனியார் பட்டறைகளில் ஆகும் செலவு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதைவிடக் கூடும்.

சின்ன மேடுகளில் வரும் 'கடக் கடக்' பெரும்பாலும் லிங்க் ராடு, அதாவது சஸ்பென்ஷனில் உள்ள சிறு இணைப்புக் கம்பி. ஒன்று 700 முதல் 1,200 ரூபாய். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அதே சத்தம் பெரிய பள்ளத்தில் 'தொம்' என்று விழுந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை) புஷ் என்னும் ரப்பர் உருளை, அல்லது ஸ்ட்ரட் மவுன்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி) என்று வைத்துக்கொள்ளுங்கள். புஷ் மட்டும் லேத்தில் அழுத்திப் போட்டால் செலவு குறையும். பால் ஜாயின்ட்டும் (பந்து மூட்டு) ஆடினால் ஆர்ம் முழுவதையும் மாற்ற வேண்டும், ஒன்று 2,500 முதல் 4,000 வரை ஆகும். மணலி சாலையிலும் எண்ணூர் சாலையிலும் அன்றாடம் ஓடும் வண்டிகளுக்கு இந்தச் செலவு மற்றவர்களைவிட முன்னதாகவே வரும். அதைப் பழுது என்று சொல்ல மாட்டேன், அந்தச் சாலைக்குக் கட்டும் வாடகை என்பேன்.

80க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குவது வீல் பேலன்ஸிங் தவறியதாலோ, ரிம் வளைந்ததாலோ இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் டிஸ்க் தேய்ந்து வளைந்திருக்கிறது என்று பொருள். முதலில் பேலன்ஸிங் செய்து பாருங்கள், சில நூறு ரூபாயோடு முடிந்துவிடக்கூடும்.

நின்றால் குளிராமல், ஓடினால் குளிர்கிற ஏ.சி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று, ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நின்றால் அந்த வேலையை மின்விசிறிதான் செய்ய வேண்டும். விசிறி மெதுவாகச் சுழல்கிறதா, அல்லது கண்டென்சரின் மெல்லிய அலுமினிய இழைகள் அடைத்தோ உதிர்ந்தோ போயிருக்கின்றனவா என்று பாருங்கள். முன் பம்பரின் ஜாலிக்குள் டார்ச் அடித்துக் கீழ்மூலையைப் பாருங்கள். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில், அந்த இழைகளை விரல் நகத்தால் தொட்டாலே வெண்சாம்பல் போல் உதிர்வதை நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். கண்டென்சர் 5,500 முதல் 8,000, கேஸ் நிரப்ப 1,800, கூலி 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரே போயிருந்தால் புதிது 20,000க்குக் குறையாது. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் ஏ.சி. கம்ப்ரஸரை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அதனுள் இருக்கும் உலோகத்தூள் உங்கள் பைப் முழுவதும் போய்ச் சேரும்.

கிளட்ச்சைப் பொறுத்தவரை, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, மிதியை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்துவிட்டால் பிடி இருக்கிறது. உறுமிக்கொண்டே நின்றால் தேய்ந்துவிட்டது. தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 9,000 முதல் 14,000 வரை, கூலி 5,000 முதல் 6,000. ஆனால் டீசல் வண்டிகள் சிலவற்றில், கிளட்ச் பொருந்தும் கனச் சக்கரமான ஃபிளைவீல் இரண்டு அடுக்காக, நடுவே ஸ்பிரிங் வைத்து வரும். அது தளர்ந்திருந்தால் முதல் கியரில் நகரும்போது வண்டி உதறும், எஞ்சினை அணைக்கும்போது ஒரு தட்டல் கேட்கும். அந்த ஃபிளைவீல் மட்டும் 25,000 முதல் 40,000 வரை போகும். நீங்கள் பார்க்கும் மாடலில் அது எந்த வகை என்று ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு ஸ்பேர்ஸ் கடையில் சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

வெள்ளைப் புகைதான் எனக்கு உறுத்துகிறது. குளிர் நாடாக இருந்தால் விட்டுவிடலாம். நம் ஊரில் காலையில் 26 டிகிரி. சில விநாடிகளில் அடங்கிவிட்டால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஏதோ ஒன்று இரவில் துளித்துளியாய்க் கசிந்திருக்கலாம். நான்கையும் கழற்றிச் சோதனை பெஞ்சில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். புகையில் இனித்த மணம் வந்தாலோ, எஞ்சின் சூடாவதற்கு முன்பே மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் போல் இறுகினாலோ, கூலன்ட் எரிதல் கூடத்துக்குள் போகிறது. அப்படியென்றால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) வேலை, அந்த வண்டியைத் தொடாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் இருக்கலாம், வழியக் கூடாது.

கொளத்தூர் கணக்கு

பட்டறை அண்ணன் சொன்னவற்றோடு, ஓர் உரிமையாளரின் கணக்கையும் சேர்க்கிறேன். 2019இல் 58,000 கி.மீ. ஓடிய டீசல் செடான் வாங்கினேன், இன்று 1,31,000. ஒவ்வொரு பில்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

84,000 கி.மீ.யில் கிளட்ச்சும் இரட்டை ஃபிளைவீலும் சேர்த்து 47,000. 1,12,000இல் டர்போவை ரீகண்டிஷன் செய்ய 21,000. ஓர் இன்ஜெக்டர் 9,500. ஏ.சி. கூலிங் காயில் ஓட்டையாகி டாஷ்போர்டு முழுவதையும் கழற்றியதில் 11,800. முன் ஷாக் அப்சார்பர் இரண்டு 9,200. நான்கு டயர் 23,600. பேட்டரி இரண்டு முறை 11,600. ஆண்டுச் சர்வீஸ் சராசரி 7,500 வீதம் ஆறு ஆண்டுக்கு 45,000. மொத்தம் 1,78,700, ஓட்டியது 73,000 கி.மீ. அதாவது டீசலுக்கு மேல் கி.மீ.க்கு ஏறத்தாழ 2 ரூபாய் 45 காசு. இதில் பெரிய தொகைகள் எல்லாம் முன்னறிவிப்பின்றி வந்தவை. வாங்கும்போதே 75,000 தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் பழைய டீசல் வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்ரோல் போதாதா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். வேலைக்கு ஆண்டில் 7,200 கி.மீ., திருநெல்வேலிக்கு மூன்று முறை 3,750 கி.மீ., ஆக 11,000 கி.மீ. பெட்ரோல் லிட்டருக்கு 13 கி.மீ., டீசல் 18 கி.மீ. என்று வைத்து, 2025 சென்னை விலையில் கணக்கிட்டால் டீசலால் மிச்சமாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 29,000 ரூபாய். என் ஃபிளைவீல் பில் ஒன்றே ஒன்றரை ஆண்டு மிச்சத்தைத் தின்றுவிட்டது. இன்னொன்றையும் எண்ண வேண்டும்: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா இரண்டிலும் டீசல் எஞ்சின் 2023இல் நின்றுவிட்டது, ஃபோக்ஸ்வாகன் வென்ட்டோவும் ஸ்கோடா ரேபிடும் அதற்கு முன்பே நின்றன. உதிரிப்பாகம் இன்று கிடைக்கிறது, ஆனால் நீங்கள் விற்கப்போகும் ஆண்டில் வாங்க ஆள் குறைவாகவே இருக்கும்.

வியாசர்பாடி பட்டறை

கொளத்தூர் நண்பரின் கணக்கு சரியானது, ஆனால் முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 29,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 1,45,000 மிச்சம். நல்ல முறையில் பராமரித்த டீசல் வண்டிக்கு டர்போவும் இன்ஜெக்டரும் கட்டாயம் போகும் என்று எழுதி வைக்கவில்லை. பத்து வயது பெட்ரோல் வண்டிக்கும் கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. எல்லாச் செலவும் உண்டு. டீசலுக்குப் பத்தாண்டு வரம்பு விதித்தது டில்லிப் பகுதியில்தான். தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பி.எஸ். 4 புகை விதிக் காலத்து டீசல் செடான்கள் பெரும்பாலானவற்றில் புகைத்துகள் வடிகட்டி இல்லை என்பதால், குறுகிய தூரம் ஓட்டினாலும் அது அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படியும்; கழற்றிச் சுத்தம் செய்ய 2,500 முதல் 3,500 வரை.

எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயினா பெல்ட்டா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வென்ட்டோ, ரேபிட் டீசல்களில் பெல்ட். வெர்னா டீசலிலும் மாருதி சியாஸின் 1.3 டீசலிலும் செயின். பெல்ட் என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், ஹெட்டைப் பிரிக்காமல் தீராது.

எங்கள் பகுதிக்கு இதைவிடப் பெரிய எதிரி உப்பு. வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடிப்பகுதி முழுவதும் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சாக இருந்தால் மகிழ வேண்டாம். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்ததாக இருக்கலாம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சப்ஃபிரேமையும் (எஞ்சினுக்குக் கீழுள்ள சட்டம்) கதவுகளுக்கு அடியில் உள்ள 'சில்' ஓரத்தையும் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்று கேட்க வேண்டும். 'தப்' என்று மந்தமாகக் கேட்டால் பூச்சுக்கடியில் இரும்பு செதில் செதிலாகிவிட்டது. பிரேக் பைப்பை விரலால் தடவுங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். அந்தச் செலவில் பேரம் கிடையாது.

வாங்கியபின் ஒன்று. நம் பக்கத்தில் வாட்டர் வாஷ் செய்யும் பல இடங்களில் போர் தண்ணீர்தான். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது பல ஆண்டுகளாக அறிந்த செய்தி. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும். அந்தத் தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிறீர்கள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் இரண்டு வாளி போதும். ரேடியேட்டரில் எந்தக் குழாய்த் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், கூலன்ட் மட்டும்.

எர்ணாவூர் 2023

நண்பரே, மேலே உள்ளவர்கள் சொல்லாத ஒன்றுக்காக எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் செடான் இரண்டு நாள் இருக்கை மட்டம் வரை நீரில் நின்றது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததால், நீர் வடிந்தபோது கதவுகளின் உட்புறம் கறுப்பாகப் பிசுபிசுத்தது. இன்சூரன்ஸில், பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கொள்வார்கள். என் வண்டி அப்படித்தான் போயிற்று. பணம் வந்தது. ஆனால் அந்த வண்டி நொறுக்கப்படவில்லை, ஏலத்தில் யாரோ எடுத்துப் போனார்கள். அது கழுவித் துடைக்கப்பட்டு இன்று யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆகவே வடசென்னையில் 2024க்குப் பிறகு விற்பனைக்கு வரும் எந்த வண்டியையும் முதலில் வெள்ளத்தில் நின்றதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும் என்பேன்.

வெள்ளம் பார்த்த வண்டி உடனே படுக்காது. ஆறு மாதம், ஒரு வருடம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும். அடுத்த மாதம் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், ஏர்பேக் விளக்கு வரும், போகும். கனெக்டர்களுக்குள் செம்பு பச்சையாய்க் களிம்பேறிக்கொண்டே இருக்கும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல வண்டிகளில் கியர் லீவருக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது; முதலில் நனைவது அதுதான். வயரிங் ஹார்னஸ் முழுவதையும் மாற்றப் பட்டறையில் என்னிடம் சொன்ன தொகை ஒரு லட்சத்துக்கு மேல்.

எங்கே பார்ப்பது என்று கேட்டால், சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி அங்குலம் வரை, வெளியே இழுங்கள். விற்பவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கார்பெட் மாற்றுவார்கள், வாசனைத் திரவியம் அடிப்பார்கள். சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லை. சீட்டைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், ஸ்டெப்னி வைக்கும் குழியின் ரப்பர் அடைப்பு, டாஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியின் பின்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். ஓடோமீட்டர் காட்டும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள்; கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, டயரின் நான்கு இலக்க எண் எந்த ஆண்டைக் காட்டுகிறது என்பதையெல்லாம் அதோடு ஒப்பிடுங்கள். டயரில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

இன்னொரு வழி, இப்போதுள்ள இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ க்ளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். க்ளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். அவர் வாங்கிய ஆண்டிலிருந்து எண்ணிப் பார்த்தால், இடையில் ஏதோ நடந்ததா என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

கடலோரத் தண்டை

ஐயா, அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்று, 1,000 ரூபாய் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

லிங்க் ராடு இரண்டும் ஆடுகின்றன. கிளட்ச் சோதனையில் எஞ்சின் அணைந்தது, ஆனால் உடனே அணையவில்லை. கண்டென்சர் பட்டறை அண்ணன் சொன்னபடியே கீழ்மூலையில் உதிர்கிறது. டர்போ ஹோஸில் லேசான ஈரம் மட்டும். இதுவரை எல்லாம் சேர்த்து 35,000 முதல் 40,000க்குள் முடித்துவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது.

பிறகு பின்சீட்டு பெல்ட்டை இழுத்தேன். முதல் மூன்றடி கறுப்பாக, சுத்தமாக வந்தது. அதற்குமேல் சுருளின் அடியிலிருந்து வந்த பகுதியில், ஒரு சாண் நீளத்துக்கு, தேநீர் சிந்திக் காய்ந்தது போல் அலையலையாகப் பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், மாவு போல் மண் வந்தது. வலப்பக்கப் பெல்ட்டிலும் அதே உயரத்தில் அதே கோடு. ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தபோது குழி கழுவியது போல்தான் இருந்தது. ரப்பர் அடைப்பைப் பிடுங்கியதும் அதன் பள்ளத்தில் சாம்பல் நிற வண்டல் வளையமாய் ஒட்டியிருந்தது.

விற்பவர் 2021 மார்ச்சில் வாங்கியதாகச் சொன்னார். பாலிசியில் போனஸ் 20 விழுக்காடு. எர்ணாவூர் அண்ணன் சொன்ன கணக்குப்படி க்ளெய்ம் இல்லையென்றால் இந்த ஆண்டு (2025) 45 இருக்க வேண்டும். கேட்டபோது, பம்பர் உடைந்ததற்கு க்ளெய்ம் எடுத்ததாகச் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். இப்போது விலையை 3.60 லட்சத்துக்கு இறக்கித் தருவதாகச் சொல்கிறார். இதை எடுக்கலாமா?

எர்ணாவூர் 2023

20 விழுக்காடு என்றால் 2024 மார்ச் புதுப்பிப்பில் பூஜ்யம். அதாவது க்ளெய்ம் நடந்தது 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில். அந்த டிசம்பர் அதற்குள்தான் வருகிறது. பம்பராகவும் இருக்கலாம், ஆனால் பம்பர் உடைந்தால் பின்சீட்டு பெல்ட்டில் வண்டல் படியாது. எடுக்க வேண்டாம்.

வியாசர்பாடி பட்டறை

வேண்டாம், தம்பி. எஞ்சின் நன்றாக இருக்கிறதே என்று மனம் இழுக்கும், எனக்குத் தெரியும். நீரில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் எஞ்சின் தப்பித்திருக்கும். அதனால்தான் ஓட்டிப் பார்க்கும்போது குறை தெரியவில்லை. கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் விலை தெரிந்த செலவு, கணக்குப் போட்டுக் குறைத்து வாங்கலாம். நனைந்த வயரிங்குக்கு நான்கூட மதிப்பீடு போட்டுத் தர மாட்டேன். குடும்பத்தோடு இரவில் திருநெல்வேலிக்குப் போகும் வண்டி அது. ஏர்பேக் விரியுமா என்று சந்தேகத்தோடு ஏறக் கூடாது. 80,000 குறைத்தாலும் அந்தச் சந்தேகம் குறையாது.

ராயபுரம் காகிதங்கள்

வேறு வண்டி பார்க்கும்போது உதவும் என்பதால், ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, கடன் அடமானம் இருக்கிறதா, அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் அடமானம் நீங்காமல் இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் பெற்றபிறகே முழுப்பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம். தண்டையார்பேட்டை முகவரி என்றால் உங்களுக்கு டி.என். 03 அலுவலகம். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்; பழைய ஓனரின் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பாலிசி எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனைச் சேர்த்துவிடுங்கள். நீர் புகுந்து எஞ்சின் பூட்டிக்கொள்ளும் சேதத்தைச் சாதாரணப் பாலிசியில் பொதுவாக ஏற்பதில்லை. கணேசபுரம் போன்ற, மழையில் நீர் தேங்கும் சுரங்கப்பாதைகளைக் கடக்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு அது வீண் செலவாகாது. பழைய ஹோண்டா வண்டி எதையாவது பார்த்தால், தகாத்தா என்னும் நிறுவனம் செய்த குறையுள்ள ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலில் அது இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். இருந்தால் இலவசமாக மாற்றித் தருகிறார்கள்.

கடலோரத் தண்டை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த டீசல் வண்டியை விட்டுவிட்டேன். அதன்பின் நான்கு வண்டிகளின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் மீண்டும் கோடு இருந்தது. கடைசியில் பெரம்பூரில், முதல் ஓனரிடம், 2015 பதிவான 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் ஒன்று 4.35 லட்சத்துக்கு அமைந்தது. 66,000 கி.மீ., ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் இருக்கிறது. 2023 டிசம்பரில் அவர்கள் வண்டியை மேம்பாலத்தின் மேல் நிறுத்தி வைத்திருந்ததாகச் சொன்னார்கள், பெல்ட்டும் போனஸும் அதற்கு ஒத்துப்போயின. கொளத்தூர் அண்ணன் சொன்ன மைலேஜ் இழப்பு எனக்குத் தெரியும். என் மனநிம்மதிக்கு அது சரியான விலை என்று ஏற்றுக்கொண்டேன்.

வாங்கியதும் செய்த வேலைகளின் பில் இது: லிங்க் ராடு இரண்டு 1,800, முன் பிரேக் பேட் 2,600, கூலன்ட் முழுவதும் மாற்ற 1,900, பேட்டரி 5,400, முன் டயர் இரண்டு 10,400, கூலி 3,200. மொத்தம் 25,300. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன், எஞ்சின் ஆட்-ஆனும் சேர்த்துவிட்டேன். ஏ.சி. இப்போது நன்றாகக் குளிர்கிறது; ஆனால் டார்ச் அடித்துப் பார்த்ததில் கண்டென்சரின் இடது கீழ்மூலையில் விரலளவு இடத்தில் இழைகள் வெளுத்திருக்கின்றன. கோடைக்குள் மாற்ற 10,000 தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதுவரை சனிக்கிழமைதோறும் இரண்டு வாளி மெட்ரோ தண்ணீர் அதற்கும் அடிப்பகுதிக்கும் போகிறது.